ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டவள்

எங்கள் பழைய செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மகேஸ்வரி போன வாரம் போன் செய்தாள். விருதுநகர்ப் பெண். இன்னமும் செகந்திராபாத் ஆட்டோக்காரரிடம் தமிழில் ஆரம்பித்து, அவர் தெலுங்கில் பதில் சொன்னதும் எனக்குப் போன் போட்டு "மேடம், இவர் என்ன சொல்றாரு?" என்று கேட்டு அவரிடமே போனைக் கொடுத்துவிடுகிறவள். இந்தத் தடவை ஆட்டோ விவகாரம் இல்லை.

"மேடம், நம்ம பரிசோதனை வரிசையில கடைசியா 'ஏ டெஸ்ட்'னு ஒண்ணு இருக்குல்ல? 'ஏ'ன்னா யாரு மேடம்? ஏதாவது சயின்டிஸ்ட் பேரா?"

"எதுக்கும்மா கேக்கற?"

"நாம புரோகிராம் எழுதற மொழியோட புது வெர்ஷன் வந்துருச்சு மேடம். ஒரே கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்னு அதுவே கேரண்டி குடுக்குது. பழைய புரோகிராமுக்கு உள்ள கூடப் பூந்து பாக்குதாம். அப்புறம் எதுக்கு நாம தனியா ரெண்டு தடவ கேட்டுப் பாக்கணும்? எடுத்துடலாமான்னு பேசிக்கிறாங்க. அதை ஆரம்பிச்சது நீங்கதானாமே. என்ன தியரி மேடம் அது?"

தியரி! வேலையில் இருந்த காலத்தில் யாரும் என்னிடம் இந்த மரியாதையோடு பேசியதில்லை.

"எடுத்துடுங்கம்மா" என்றேன்.

"சரி மேடம். ஆனா அது ஏன் வந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. எங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்ல."

அதனால் எழுதுகிறேன். எந்தப் பொருளைச் சோதித்தோம், எங்கே, என்றைக்கு என்பதெல்லாம் இதில் வராது. வந்தால் எனக்கு ஓய்வூதியம் வராது. மற்றபடி என் மகன் பரத் இதைப் படித்துவிடுவானோ என்ற பயம் மட்டும் இல்லை. செகந்திராபாதில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் புரியும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும்.

நான் வேலையில் சேர்ந்த கதையைச் சுருக்கிவிடலாம். கணக்கில் பட்டம், ஒரு தேர்வு, ஒரு நேர்முகம், பிறகு திருமுல்கேரியிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்காகப் பல வருஷப் போராட்டம். ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஆரம்பித்து, சி என்ற மொழியில் குடியேறி, இனி இப்படியே ஓய்வு பெற்றுவிடலாம் என்று இருந்தபோது எங்கள் தலைவர் சுப்பாராவ் சார் ஒரு புது மொழியைக் கொண்டுவந்தார்.

அதுவரை எனக்குத் தெரிந்த புரோகிராம் என்பது கட்டளை. இதை எடு, அதோடு இதைக் கூட்டு, பழையதை அழித்துப் புதியதை வை. இன்னொரு பாணி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதில் எல்லாம் கணக்குச் சூத்திரம் மாதிரி. கேள்வியைக் கொடுத்தால் பதில் வரும். வேறு எதையும் அது தொடாது, எதையும் மாற்றாது. நேற்றுக் கேட்டாலும் நாளைக்குக் கேட்டாலும் ஒரே கேள்விக்கு ஒரே பதில். புது மொழி இரண்டையும் சேர்த்திருந்தது. சூத்திரமாகவும் எழுதலாம், கட்டளையாகவும் எழுதலாம். எங்கள் செக்‌ஷனில் முதல் நாளே அதற்குக் 'கிச்சடி' என்று பெயர் விழுந்துவிட்டது.

பயிற்சி கொடுக்க வந்தவருக்குப் பரத்தின் வயதுதான் இருக்கும். எதையும் மாற்றாமல் ஒரு வரிசை எண்களைக் கூட்டுங்கள் என்றார். நான் எழுந்து, "சார், இது திருமுல்கேரியிலிருந்து ஸ்டேஷனுக்குக் காலை அசைக்காமல் போன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றேன்.

"பஸ்ல போலாமே மேடம்" என்றார் அவர்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அது புரிய ஒரு மாதம் ஆயிற்று. நான் காலை அசைக்கவேண்டாம். அசைக்கிற வேலையை மொழி பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் மொத்தப் பாடமும்.

இந்தக் கிச்சடிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எந்தப் பகுதி வெளியே இருக்கும் எதையாவது மாற்றுகிறதோ, அது தன் தலையிலேயே அதற்கான குறியைப் போட்டுக்கொள்ள வேண்டும். குறி இல்லாத பகுதி எதையாவது தொட்டால் மொழி ஏற்காது. சுப்பாராவ் சார் இதைச் செருப்பு என்றார். கம்ப்யூட்டர் என்றாலே குளிர்பதன அறையும் வாசலில் செருப்பு ஸ்டாண்டுமாக இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர் அவர். மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்தபிறகும் தன் அறைக்குள் யாரையும் செருப்போடு விடமாட்டார். அவர் மட்டும் கறுப்பு ஷூவோடு நேராக நாற்காலிக்குப் போவார். அவர் அறை, அவர் ஷூ. யாரும் கேட்டதில்லை.

"கோமதி காரு, இந்த ஃபங்ஷனுக்குச் செருப்பு உந்தா?" என்பார். மெட்ராசில் படித்தவர். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்.

"இல்ல சார். வெறுங்கால்."

"நிஜமா? வாசிங்க."

வாசிக்க வேண்டும். இதுதான் அவருடைய முறை. புரோகிராமை அவர் கண்ணால் பார்க்கமாட்டார். எழுதியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், எதிரே உட்கார்ந்து, வரிவரியாக உரக்க வாசிக்கவேண்டும். அவர் டீ டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். எங்காவது ஒன்றின் மதிப்பு மாறினால் இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் மெல்ல எழும். உடனே நிறுத்தவேண்டும். அது முன்னால் என்னவாக இருந்தது, இப்போது என்ன, மாறியதை வேறு யார் பார்க்க முடியும் என்று சொல்லவேண்டும். திருப்தியானால் விரல் இறங்கும். இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். நாமும் எழுந்து வரவேண்டியதுதான்.

வெளியே வந்தவரிடம் நாங்கள் "எத்தனை விரல்?" என்று கேட்போம். கிச்சடியில் நான் எழுதிய முதல் புரோகிராமைப் பாதிகூட வாசிக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து, விரலை இன்னொரு கையால் நீவிக்கொண்டு, "கை வலிக்குதம்மா. கொஞ்சம் மாத்தாம எழுதக்கூடாதா?" என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை.

பிறகு தேறிவிட்டேன். எவ்வளவு தேறினேன் என்றால், எங்கள் செக்‌ஷனின் முக்கியமான புரோகிராமைப் புது மொழிக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. சோதனை நாளில் வானத்தில் போகும் பொருள் ஏதாவது கோளாறாகிக் கீழே விழுந்தால் எதுவரை விழலாம் என்று கணக்கிட்டு, வரைபடத்தில் சிவப்புக் கோடு போடும் புரோகிராம் அது. கோட்டுக்கு உள்ளே ஒரு ஆள்கூட நிற்கக்கூடாது. காற்று அடிக்கிற திசைக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி கோடு நகரும்.

நாங்கள் இத்தனை வருஷம் பயன்படுத்திய பழைய புரோகிராமில் காற்றுக் கணக்கு மட்டும் தனிப் பகுதி. அதை இளவயதில் எழுதியவர் சுப்பாராவ் சார். அதைத் திருப்பி எழுத நேரமில்லை. பழையதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ள மொழியில் ஒரு வழி உண்டு. 'உள்ளே நீ பார்க்காதே, நான் பொறுப்பு' என்று ஒரு குறி போட்டுவிட்டால் மொழி அதை நம்பிவிடும். அந்தக் குறியைப் போட்டவர் சார்தான். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்திருந்தார். மற்ற எல்லாவற்றையும் நான் வாசித்தேன். ஒரு விரல்கூட எழவில்லை. வெளியே வந்து எல்லோருக்கும் இரானி டீ வாங்கிக் கொடுத்தேன்.

இனி பரத். அவன் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறான். வானத்தில் போவதைத் துரத்திப் படமெடுக்கும் பெரிய கேமராக்களை இயக்குவது அவன் வேலை. எங்கள் வீட்டில் ஒரு வினோதம் உண்டு. நானும் என் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது, அவனும் பேசக்கூடாது. ஒரே சட்டியிலிருந்து குழம்பை ஊற்றிக்கொண்டு இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு நாள் காலையில் சொன்னான், "அம்மா, அடுத்த வாரம் வெளியூர் போறேன்."

"எங்கடா?"

"சொல்லக்கூடாது."

"ஸ்வெட்டர் வைக்கட்டுமா?"

"நக்கோ மா, வேண்டாம். பெரிய தொப்பியா ஒண்ணு வாங்கணும். தேங்காய் எண்ணெய் வைக்காதே, மணல் ஒட்டிக்கும்."

மணல். தொப்பி. அடுத்த வாரம். இட்லித் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கடா நிப்ப?"

"நிக்கறதா? ஏதோ ஒரு இடம். முன்னாடிதான். ஃபுல் வியூ மா, சூப்பரா இருக்கும்."

முன்னால் இருக்கும் கேமராக் குடில் எது என்று எனக்குத் தெரியும். என் வரைபடத்தில் அது ஒரு சின்ன நீலப் புள்ளி. அன்றிலிருந்து அந்தப் புள்ளிக்குத் தொப்பி முளைத்துவிட்டது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். காஸ் அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை அணைப்பவள் நான். பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். பரத்திடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ஹவ், ஆச்சு" என்பான். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டால் "லேதம்மா, இனிமேதான்" என்பான். இரண்டு தடவை கேட்டால்தான் உண்மை வரும் என்பது அவனை வளர்த்ததில் நான் கற்றுக்கொண்டது. என் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சோதனைக்கு முந்தைய நாள். காலையில் ஏதோ ஒரு காற்றில்லாத நாளின் அளவுகளைப் போட்டுப் பழகிப் பார்த்துவிட்டு, புரோகிராமை அப்படியே திறந்து வைத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு உண்மையான காற்றின் அளவு வந்தது. பலமான காற்று. போட்டேன். சிவப்புக் கோடு வந்தது. குடில் கோட்டுக்கு வெளியே, நல்ல தள்ளி இருந்தது. அப்பாடா என்று தண்ணீர் குடித்தேன்.

இந்த இடத்தில் புத்தியுள்ள என்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். மொத்தப் புரோகிராமும் வெறுங்கால். அதனிடம் ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்பது, இரண்டும் இரண்டும் நான்கு என்று சொன்னவரிடம் "இன்னைக்கும் நாலுதானா?" என்று கேட்பது போல.

நான் இரண்டாம் தடவை கேட்டேன்.

கோடு குடிலை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நான் கேட்கக் கேட்க அது என் பிள்ளையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. கேட்பதை நிறுத்தினால் நின்றுவிடுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். கடைசியில் கோடு குடிலைத் தாண்டிப் போய் நின்றது. புள்ளி உள்ளே இருந்தது.

செருப்பைக் கழற்றினேனா என்று நினைவில்லை. சார் அறையில் நின்றிருந்தேன்.

"சார், ஒரே கேள்விக்கு வேற வேற பதில் வருது."

அவர் சிரித்தார். "வராது. இது கிச்சடி. வரவே வராது."

"வருது சார். அந்த முன் குடில் உள்ள வந்துடுச்சு."

"அங்க உங்க பையனா?"

சொல்லக்கூடாத விஷயம். நான் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்கவேண்டும். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "கோமதி காரு, கோபம் வேண்டாம். இப்ப என்கிட்ட பேசறது யாரு? என்ஜினியரா, அம்மாவா?"

"தெரியலை சார்" என்றேன். அது நிஜம். இன்றைக்கும் தெரியவில்லை.

என் மேஜைக்கு வந்தார். தானே கேள்வியைப் போட்டார். பதில் வந்தது. மறுபடி போட்டார். அதே பதில். இன்னொரு தடவை. அதே பதில், துளி அசைவில்லை. கோடு போய் நின்ற இடத்தை விட்டு நகர்வதாக இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"பாத்தீங்களா? முதல்ல ஏதோ தப்பா டைப் பண்ணியிருப்பீங்க. குடில் உள்ள வருதுன்னா குடிலை நகர்த்தச் சொல்லலாம், அதுக்கென்ன. டீ சாப்பிட்டு வாங்கம்மா."

என் மானம் போனது போகட்டும். குடில் நகரும் என்று அவரே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் டீ குடிக்கப் போயிருக்கலாம். போகவிடாமல் தடுத்தது எது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாளைக் காலையில் புதுக் காற்று அளவு வரும். அப்போதும் இதே புரோகிராம்தான் கோடு போடும். முதல் தடவை வந்த அந்த ஆறுதலான பதில் போல நாளைக்கும் ஒன்று வந்தால்? முதல் தடவைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்? அதற்கு முன்னால் நான் போட்டது காற்றில்லாத நாள்.

"சார், ஒரு நிமிஷம்." காலையில் போட்ட அளவுகளை மறுபடி சிலமுறை போட்டேன். உடனே இன்றைய காற்றைப் போட்டேன்.

குடில் வெளியே, நல்ல தள்ளி, சௌகரியமாக இருந்தது.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதுவோ ஞாபகம் வெச்சிருக்கு" என்றார். "வெறுங்காலெல்லாம் நீங்க வாசிச்சீங்க. நான் கேட்டேன். எது வாசிக்கலை?"

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லவேண்டியவள் நான் ஆனேன்.

"காத்துக் கணக்கு சார்."

"அது எத்தனையோ சோதனை பாத்தது."

"ஆமா சார். ஆனா யாரும் வாசிக்கலை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் அறையை நோக்கி நடந்தார். வாசலில் நின்றார். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். இரண்டு ஷூவையும் கழற்றி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்துவிட்டு, கால் உறையோடு உள்ளே போனார். தன் நாற்காலிக்குப் போகவில்லை. எதிரே நாங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய நாற்காலியில் நான் உட்கார முடியாது; சுவரோரம் நின்றேன்.

வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. காற்று சட்டென்று ஏறி இறங்கும். அந்தக் குதிப்பைச் சமன்செய்ய, வந்த அளவோடு முந்தைய அளவில் ஒரு பங்கைக் கலக்கவேண்டும். அழகாக எழுதியிருந்தார். வாசித்துக்கொண்டே வந்தவர், கலந்ததை அடுத்த தடவைக்காக எடுத்து வைக்கும் வரியில் நின்றார். விரலைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. பிறகு அவருடைய விரல்தான் மெல்ல எழுந்தது. அது வெகுநேரம் இறங்கவில்லை.

அவர் எழுதிய காலத்தில் அது சரி. அன்று ஒரு நாளின் கணக்கைப் போட்டு, உடனே அணைத்துவிடுவோம். அணைத்தால் நினைவும் போய்விடும். புதுப் புரோகிராம் நாளெல்லாம் திறந்தே இருக்கிறது. போன கேள்வியின் மிச்சம் அடுத்த பதிலில் கலந்தது. நான் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டதால் மிச்சம் எல்லாம் கழுவிப்போய், கடைசியில் உண்மையான கோடு நின்றது.

சார் போனை எடுத்தார். குடிலைப் பின்னால் நகர்த்தச் சொன்னார். புதுக் கணக்கு வரும்வரை சோதனையை நிறுத்தி வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "என் புரோகிராம்ல தப்பு" என்றார். 'எங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரமே பரிசோதனை வரிசையில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தார்: ஒரு கேள்வி, நடுவில் வேறொன்று, மறுபடி முதல் கேள்வி. தலைப்பு 'ஏ டெஸ்ட்'. ஏ என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டே "அம்மா" என்றார்.

பரத் கறுத்துப்போய், காதிலெல்லாம் மணலோடு திரும்பி வந்தான். வந்ததும் வராததுமாகப் பையை வீசினான்.

"சாப்பிட்டியாடா?"

"எவனோ குடிலைப் பின்னாடி தள்ளிட்டான் மா! ஒண்ணுமே சரியா வரலை. படம் பூரா கொசு மாதிரி ஒரு புள்ளி. அது போய் எங்கியோ கடல்ல விழுந்துச்சு, எங்க பக்கமே வரலை. ஆபீஸ்ல உக்காந்துட்டு எவன் மா இந்த மாதிரி முட்டாள்தனமா பயப்படறான்?"

"தெரியாதுடா" என்றேன். "சாப்பிட்டியா?"

அதற்குப் பிறகு நான் அதிக நாள் வேலையில் இருக்கவில்லை. பதில் எதைப் பார்த்தாலும், பார்ப்பது என்ஜினியரா அம்மாவா என்ற சந்தேகம் வந்துவிட்டது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். பிரிவு நாளில் சுப்பாராவ் சார் பேசும்போது, எனக்குப் போட்ட சால்வையைச் சரிசெய்கிற சாக்கில் கீழே பார்த்தேன். வெறுங்காலோடு நின்றிருந்தார்.

இதுவரை எழுதி, மகேஸ்வரிக்கு அனுப்பலாம் என்று எடுத்தபோது பரத்திடமிருந்து போன் வந்தது. இப்போது கச்சிபௌலிப் பக்கம் தனியாக இருக்கிறான்.

"அம்மா, அந்தப் பெரிய தொப்பி அங்கதானே இருக்கு? எடுத்து வை. சனிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்."

"எங்கடா போற?"

"சொல்லக்கூடாது மா."

வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மகேஸ்வரி.

"மேடம், மீட்டிங் இப்பதான். அந்த ஏ டெஸ்டை எடுத்துடலாம்னு நீங்க சொன்னதைச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

"போன வாரம் எடுத்துடுங்கன்னீங்களே மேடம்? நான் அதே கேள்வியைத்தானே கேக்கறேன்?"

"அதே கேள்விதான்" என்றேன். "நடுவுல ஒரு போன் வந்துது."

ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் தேடினேன். தொப்பி கிடைத்தது. துவைத்து வைத்ததுதான். உதறியபோது விளிம்பின் தையலிலிருந்து போன தடவை மணல் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.